டீசல் வண்டிக்கு லிஃப்ட் கிட்: உயரத்துக்கு முன் எடையைப் பாருங்கள்

கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்காக டீசல் வண்டியை உயர்த்த நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை அங்குலம் உயர்த்தலாம் என்பதைத்தான். அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வண்டியின் முன் ஆக்ஸில் மீதும் பின் ஆக்ஸில் மீதும் இப்போது எத்தனை கிலோ இறங்குகிறது? இந்த இரண்டு எண்களும் கையில் இல்லாமல் வாங்கிய லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் முதலிய பாகங்களின் தொகுப்பு), எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும், குருட்டாம்போக்கில் வாங்கியதுதான். வண்டிக்கு உயரத்தைத் தருவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது அதன் தலைமேல் ஏறியிருக்கும் எடை.

டீசல் வண்டிக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம் மிக அதிகம் என்பதால் டீசல் எஞ்சினின் பிளாக்கும் கிராங்க் ஷாஃப்டும் தடிமனாகவே செய்யப்படுகின்றன; அதனுடன் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பெரிய பேட்டரி எல்லாம் சேர்ந்து, அதே மாடலின் பெட்ரோல் வண்டியைக் காட்டிலும் முன்பக்கம் கனத்துவிடுகிறது. அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் ஒரே வண்டிக்கு டீசலுக்கென்றும் பெட்ரோலுக்கென்றும் தனித்தனி முன் ஸ்பிரிங்குகளைக் கொடுக்கிறார்கள். இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாத கிட்டை நான் வாங்க மாட்டேன்.

எடை என்ன செய்யும் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவடச் சுருள்) சேர்ந்து 100 கிலோ என்றும், அவை முன் ஆக்ஸிலுக்கு 80 செ.மீ. முன்னால் தொங்குகின்றன என்றும், இரண்டு ஆக்ஸில்களுக்கும் இடைப்பட்ட தூரம் 280 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். சிறுவர் ஆடும் சீசா பலகை போலத்தான்: ஆக்ஸிலைத் தாண்டித் தொங்கும் அந்த 100 கிலோ, முன் ஆக்ஸில் மீது ஏறக்குறைய 129 கிலோவாக இறங்குகிறது, பின் ஆக்ஸில் 29 கிலோ இலகுவாகிறது. முன்னால் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் 64 கிலோவுக்குச் சற்று மேல் கூடுகிறது. ஒரு மி.மீ. அமுங்க 35 நியூட்டன் விசை கேட்கும் காயில் ஸ்பிரிங் நேராக ஆக்ஸில் மீதே உட்கார்ந்திருந்தால், முன்பக்கம் 18 மி.மீ. தாழும். 40 மி.மீ. உயர்வு என்று நம்பி வாங்கியதில் ஏறக்குறைய பாதி, பம்பரை மாட்டிய அன்றைக்கே போய்விடுகிறது.

ஆகவே முதல் வேலை வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோவது. டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், 80 லிட்டர் டீசல் மட்டுமே 67 கிலோ அளவுக்கு வரும். வழக்கமாகப் பயணத்தில் எடுத்துச் செல்லும் கருவிகள், தண்ணீர், கூரை மேல்தட்டு, உதிரிச் சக்கரம் அனைத்தும் அதனதன் இடத்தில் இருக்கட்டும். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறையும், முழு வண்டியையும் ஏற்றி ஒரு முறையும் எடை போட்டால், கழித்துப் பார்த்துப் பின் ஆக்ஸிலின் எடையை அறியலாம். பிறகு சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்தும் அதற்கு நேர் மேலே உள்ள மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தம் கணக்கைக் கெடுத்துவிடும். இந்த நான்கு அளவுகளைப் பத்திரமாக வையுங்கள். வேலை முடிந்த பிறகும் தேவைப்படும்.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது, எப்போதும் வண்டியில் இருக்கும் எடையையும் எப்போதாவது ஏறும் எடையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண்டில் இரண்டு முறை மட்டுமே 400 கிலோ சாமான் ஏற்றுகிறவர் அந்த எடைக்கேற்ற ஸ்பிரிங்கைப் பின்னால் போட்டுக்கொண்டால், மற்ற நாட்களில் வெற்று வண்டி கட்டைவண்டி போலக் குதிக்கும். கற்கள் நிறைந்த ஏற்றத்தில் ஸ்பிரிங் அமுங்காமல் சக்கரம் தரையை விட்டு எழும்பிப் பிடிமானம் போகும். நிரந்தர எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கைப் போட்டு, அரிதாக ஏறும் சுமைக்குக் காயிலுக்குள் வைக்கும் காற்றுப்பைகளைத் துணையாகக் கொள்வதே என் பரிந்துரை. வெற்று வண்டியில் பின்பக்கம் சிறிது உயர்ந்து நிற்பது குறையன்று. சுமை ஏறியதும் அது சமமாகிவிடும்.

சஸ்பென்ஷன் லிஃப்ட் எதைத் தரும், எதைத் தராது என்பதிலும் தெளிவு வேண்டும். சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பம்பர், பக்கவாட்டுப் படி ஆகியவை தரையிலிருந்து மேலே போகும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் மூக்கும் வாலும் இடிபடுவது குறையும். பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் இடது வலது சக்கரங்களை ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்ஸில் கொண்ட வண்டியில், அதன் நடுவே சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது, ஏனெனில் அது ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிறது. அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி; அதிலும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் கிடைக்கும். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே கட்டைகளை வைக்கும் பாடி லிஃப்ட், டயருக்கு இடம் தருவதோடு சரி.

என்னைக் கேட்டால், அன்றாடமும் ஓட்டிக் காட்டுப்பாதையிலும் இறங்கும் வண்டிக்கு 40 முதல் 50 மி.மீ. போதும். அதற்கு மேல் போகப்போக, ஒவ்வொரு அங்குலத்துக்கும் இன்னொரு பாகத்தைத் திருத்த வேண்டிவரும். கவிழும் வாய்ப்பும் கூடும். இரு சக்கரத் தடங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தில் பாதியை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண் வண்டியின் நிலைத்தன்மையைக் காட்டுகிறது. தட அகலம் 1,600 மி.மீ., மைய உயரம் 750 மி.மீ. என்றால் அது 1.07. மையம் 50 மி.மீ. உயர்ந்தால் 1.00 ஆக இறங்குகிறது. ஸ்பிரிங்கும் டயரும் சாய்வதைச் சேர்த்தால் உண்மை நிலை இதைவிடவும் பாதகமானது. மேல்தட்டில் சுமை ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும்.

முன் சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் வண்டிகளில் மலிவான வழியாகக் காட்டப்படுவது, ஸ்பிரிங் தொகுப்பின் தலைமேல் வைக்கும் ஸ்பேசர். நான் முதன்முதலில் செய்த தவறும் அதுவே. 25 மி.மீ. தடிமன் கொண்ட வளையம் சக்கரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு உயர்வைத் தந்தது; கண்ணுக்கு அழகாகவும் இருந்தது. சில மாதங்கள் கழித்து டயரைக் கழற்றியபோது, ரிம்மின் உட்புறம் முழுவதும் கரிய கிரீஸ் வட்டமாகத் தெறித்துக் காய்ந்திருந்தது. சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டின் மூட்டான சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறையில், மடிப்பும் மடிப்பும் உரசும் இடத்தில், பிளேடால் கீறியது போல ஒரு பிளவு. உள்ளே எஞ்சியிருந்த கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்தேன், மணல் நெறுநெறுத்தது. ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. காரணம் எளியது: ஸ்பேசர் முழுத் தொகுப்பையும் கீழே தள்ளுவதால், சக்கரம் தொங்கும்போது தயாரிப்பாளர் வகுத்த எல்லையைத் தாண்டி இறங்குகிறது, ஷாஃப்டின் கோணமும் பால் ஜாயின்ட்டின் கோணமும் மிஞ்சிப்போகின்றன. குழியில் விழும்போதோ, பம்ப் ஸ்டாப் (சக்கரம் மேலே எழும் எல்லையில் தாங்கும் ரப்பர்) தாங்குவதற்கு முன்பே ஷாக் அப்சார்பர் அடியில் முட்டுகிறது. இத்தகைய வண்டிக்குச் சரியான நீளமுள்ள ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் கொண்ட முழுத் தொகுப்பையே வாங்குங்கள். 50 மி.மீ.க்கு அருகில் போனால் கோணம் திருத்தப்பட்ட மேல் கன்ட்ரோல் ஆர்மும் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல் கை) பெரும்பாலும் தேவைப்படும். இல்லையென்றால் அலைன்மென்ட் மேசையில் கேஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்புறமாகச் சாய்ந்திருக்கும் கோணம்) அளவு எல்லைக்குள் வராது.

முன்னாலும் முழு ஆக்ஸில் உள்ள வண்டியில் சிக்கல் வேறு விதம். ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ஆர்ம் 900 மி.மீ. நீளம் என்றால், 50 மி.மீ. உயர்வில் ஆக்ஸில் ஏறக்குறைய 3 பாகை சுழன்றுவிடும்; அந்த அளவுக்குக் கேஸ்டர் குறையும். ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் வண்டி சாலையில் அலைபாயும். இதற்கென, துளையை நடுவிலிருந்து தள்ளிப் போட்ட புஷ்கள் (ஆர்மின் முனையில் பொருத்தும் மெத்தை உருளைகள்) கிடைக்கின்றன. கிட்டில் அவை உண்டா என்று பாருங்கள். ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பேன்ஹார்டு ராடு சாய்வதால் ஆக்ஸில் சில மி.மீ. ஒருபுறம் தள்ளிப்போகும், நீளத்தைத் திருத்தக்கூடிய ராடு அதைச் சரிசெய்யும். ஆனால் அந்த ராடும் ஸ்டீயரிங் ராடும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்க வேண்டும். ஒன்றின் கோணத்தை மட்டும் மாற்றினால், ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும்.

பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள டீசல் வண்டியில் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவதை நான் ஏற்பதில்லை. டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த முறுக்குவிசையைத் தருகிறது. லோ கியரில் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியரில்) அது பல மடங்காகி ஆக்ஸிலைத் திருகும்போது பட்டை எஸ் வடிவில் வளைகிறது. கட்டை அந்தத் திருகலுக்கு நெம்புகோலாகி வளைவை அதிகமாக்குகிறது. பின்சக்கரங்கள் துள்ளத் தொடங்கி, ஷாஃப்டின் மூட்டுகளான யூனிவர்சல் ஜாயின்ட்கள் அடிபடுகின்றன. முன் ஆக்ஸிலில் கட்டை வைப்பதோ எந்த நிலையிலும் கூடாது. நீண்ட ஷேக்கிளும் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தொங்கு துண்டு) தீர்வாகாது: 50 மி.மீ. நீளம் கூட்டினால் 25 மி.மீ.தான் உயரும், அதனுடன் ஆக்ஸிலின் கோணமும் மாறும். சரியான வளைவுடன் செய்த புதிய பட்டைத் தொகுப்பே நல்லது. அதைப் போடும்போது பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட்களையும் புதிதாகவே போடுங்கள். ஒருமுறை இறுக்கி நீண்டுவிட்ட போல்ட் மறுபடியும் அதே பிடியைத் தராது. உயர்த்திய பின் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வண்டியின் தளத்தில் அதிர்வு வந்தால், கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் செல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனைக் கோணங்களையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு துண்டு ஷாஃப்டாக இருந்தால், சென்டர் பேரிங்கைச் சிறிது தாழ்த்துவதே பல வண்டிகளில் போதுமானதாக இருக்கிறது.

ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கின் இணை; ஒன்றை மாற்றி மற்றொன்றை விட்டுவைப்பது பணத்தைப் பாழாக்குவது. கடினமான ஸ்பிரிங் எம்பி விரியும்போது அதைக் கட்டுப்படுத்தும் வலு பழைய ஷாக்குக்கு இருக்காது. இரட்டைக் குழாய் வகை சவாரிக்கு மென்மையானது, கல்லடி பட்டு வெளிக்குழாய் சற்று நெளிந்தாலும் வேலை செய்யும். ஆனால் அலையலையான மண்சாலையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் சூடாகி நுரைத்துத் தளர்ந்துவிடக்கூடும். ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெயையும் நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைப்பதால் நுரைப்பதில்லை, சூடும் விரைவில் தணியும். அதன் குழாயில் ஒரு கல் பலமாகப் பட்டு நெளிந்தாலோ பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். நெடுந்தூர மண்சாலைக்கு ஒற்றைக் குழாயையும், மெதுவாகப் பாறைகள் மீது ஏறுவதற்கு இரட்டைக் குழாயையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

நீளமும் முக்கியம். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். கம்பி, டிஃபரன்ஷியலின் காற்றுக்குழாய் ஆகிய மூன்றும் இறுகாமல் தளர்வாக இருக்க வேண்டும். எளிதில் மறக்கப்படும் இன்னொன்று, பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும் எடை உணரும் பிரேக் வால்வு. வண்டியை உயர்த்தியதும், பின்னால் சுமையே இல்லை என்று அது தவறாக எடுத்துக்கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அந்தக் கம்பியின் தாங்கியையும் உயர்வுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். கிட் விற்பவரிடம் இதைக் கேளுங்கள். அவருடைய பதிலிலிருந்தே அவர் வேலை தெரிந்தவரா என்பது புரிந்துவிடும்.

டயரின் விட்டத்தை 31 அங்குலத்திலிருந்து 33 ஆக்கினால் கியர் விகிதம் 6 விழுக்காட்டுக்கு மேல் நீண்டுவிடும்; வேகமானி 100 காட்டும்போது உண்மை வேகம் 106 ஆகும். டர்போ எழும்பாத குறைந்த சுழற்சியில் செங்குத்தான ஏற்றத்தைத் தொடங்குவது கடினமாகும். உங்கள் ஊர்ச் சட்டம் எவ்வளவு உயர்வை அனுமதிக்கிறது, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். பலமான ஸ்பிரிங் போட்டதனால் மட்டும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கூடிவிடாது.

பொருத்தும் நாளில் முடிந்தால் உடன் இருங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை, வண்டி தன் சக்கரங்களில் முழு எடையோடு நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். பணிமனைத் தூக்கியில் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், விரைவில் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட், அதன் பின் முகப்பு விளக்குகளின் கோணம். முதல் 500 கி.மீ. ஓடியதும் எல்லாப் போல்ட்களையும் உரிய முறுக்குவிசையில் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். 1,000 கி.மீ. ஆனதும் அதே சமதரையில், டேங்கை நிரப்பி, முன்பு எழுதி வைத்த நான்கு இடங்களிலும் மீண்டும் அளந்து பாருங்கள். ஸ்பிரிங்குகள் படிந்து சில மி.மீ. இறங்கியிருப்பது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் 10 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால், இடது வலது ஸ்பிரிங்குகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று அவற்றின் மேலுள்ள எண்களை முதலில் படித்துப் பாருங்கள்.