கண்ணாடிச் சட்டத்துக்குள் போன முதல் சான்றிதழ்: போதை மீட்பு ஆலோசகராக இணையவழியில் படிக்க நினைப்பவர்களுக்கு

பதினான்கு ஆண்டுகள் மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் நான். நாற்பத்தொன்றாவது வயதில் போதை மீட்பு ஆலோசகராகலாம் என்று முடிவு செய்து, இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட படிப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். ஆறு வாரம் காணொளிகளைப் பார்த்தேன். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு விடை எழுதினேன். தங்க நிற ஓரம் வைத்த சான்றிதழை அச்செடுத்துக் கண்ணாடிச் சட்டமும் போட்டாயிற்று. தொழில் சான்றுக்கு விண்ணப்பித்தபோது வாரியத்திடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது: இந்தப் பயிற்சி எங்கள் அங்கீகாரப் பட்டியலில் இல்லை, இதன் மணி நேரங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள இயலாது. சட்டம் வீணாகவில்லை. அதில் இப்போது அக்காள் மகளின் புகைப்படம் இருக்கிறது.

சான்றிதழ் என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் புழங்குகிறோம். படிப்பை முடித்ததற்கு அதை நடத்தியவரே கொடுப்பது ஒன்று. நீங்கள் படித்த மணி நேரம், மேற்பார்வையில் செய்த வேலை, எழுதிய தேர்வு, ஒப்புக்கொண்ட நன்னெறி விதிகள் எல்லாவற்றையும் பார்த்துத் தனி வாரியம் ஒன்று வழங்குவது மற்றொன்று. விளம்பரங்கள் முதலாவதை இரண்டாவது போலவே எழுதுகின்றன. அதனால் படிப்பைத் தேடி இறங்காதீர்கள். நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்தில் எந்த வாரியத்தின் சான்று செல்லுபடியாகும் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதன் விதிக் கையேட்டை இறக்கி, பென்சிலும் கையுமாக ஒரு மாலை முழுக்கப் படியுங்கள். படிப்பு அதற்குப் பிறகுதான்.

ஆலோசகர் வேலைக்குத் தனி உரிமச் சட்டம் உள்ள நாடுகள் உண்டு. அப்படி எதுவும் இல்லாத நாடுகளும் உண்டு. எல்லைகளைத் தாண்டிப் பேசப்படும் பெயர்கள் சில. 1981-இல் தொடங்கிய ஐ.சி. அண்ட் ஆர்.சி. கூட்டமைப்பில் பல வாரியங்கள் உறுப்பினர்கள். ஒன்றில் பெற்ற சான்றை இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள அதில் வழி உண்டு. அமெரிக்காவில் 'நாடாக்' என்ற தொழில்முறைச் சங்கமும் தனியாகச் சான்று வழங்குகிறது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில், கொழும்புத் திட்டம் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் கூட்டுறவு அமைப்பின் ஆதரவில் உருவான 'உலகளாவிய சிகிச்சைப் பாடத்திட்டம்' பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. அதைத் தழுவிய 'ஐகேப்' என்ற சான்றுத் தேர்வும் இருக்கிறது. இவற்றில் எது சிறந்தது என்று கேட்டுப் பயனில்லை. உங்களை வேலைக்கு எடுப்பவர் எதைக் கேட்கிறாரோ அதுதான் உங்களுக்கானது.

கையேட்டில் நான் பென்சிலால் வட்டமிட்டவை மூன்று எண்கள். முதலாவது வகுப்பு மணி நேரம். 270, 300 என்ற அளவில் கேட்கும் வாரியங்கள் உண்டு. அதில் நன்னெறிக்கென்று 6 மணி நேரம் தனியாக ஒதுக்கியிருக்கும். இரண்டாவது மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை நேரம். பட்டம் இல்லாதவரிடம் 6,000 மணி நேரம் வரை எதிர்பார்க்கும் வாரியங்கள் முதுகலைப் பட்டம் உள்ளவருக்கு அதை 2,000 வரை குறைக்கின்றன. வாரத்துக்கு 40 மணி என்று வைத்தாலும் 2,000 என்பது ஒரு முழு ஆண்டு. 'எட்டே வாரத்தில் ஆலோசகர்' என்ற விளம்பரத்தின் அருகில் இந்த எண்ணை எழுதிப் பாருங்கள். மூன்றாவது, காணொளி வகுப்பில் எத்தனை மணி நேரம் வரை ஒத்துக்கொள்வார்கள் என்பது. பதிவு செய்த பாடத்தையும் ஆசிரியர் நேரலையில் நடத்தும் வகுப்பையும் சில வாரியங்கள் ஒன்றாகக் கருதுவதில்லை.

இந்த எண்களோடு பயிற்சி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள், பேசியதற்குச் சாட்சி இல்லை. எந்த வாரியம் அங்கீகரித்திருக்கிறது, அங்கீகார எண் என்ன, பாடவாரியாக மணி நேரம் குறித்த பட்டியல் கிடைக்குமா, ஆசிரியர்கள் இன்றும் நோயாளிகளைப் பார்க்கிறார்களா, களப்பயிற்சிக்கு இடம் தேடித் தருவார்களா அல்லது நானே தேட வேண்டுமா என்று கேளுங்கள். இரண்டாம் முறை நான் நான்கு நிறுவனங்களுக்கு எழுதினேன். கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னது ஒன்றுதான். மற்ற மூன்றும் தள்ளுபடி அறிவிப்பை அனுப்பின.

பாடத்தைப் பொறுத்தவரை, ஆலோசகரின் வேலையைப் பன்னிரண்டு பணிகளாகப் பிரிப்பது இத்துறையில் பழைய வழக்கம். முதற்கட்டச் சோதனை, சேர்க்கை, அறிமுகம், மதிப்பீடு, சிகிச்சைத் திட்டம், ஆலோசனை, ஒருங்கிணைப்பு, நெருக்கடியில் தலையிடல், நோயாளிக்குக் கற்பித்தல், வேறிடத்துக்கு அனுப்புதல், பதிவேடு, பிற வல்லுநரோடு கலந்தாலோசித்தல். பட்டியலில் ஆலோசனை என்பது பன்னிரண்டில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். நான் சந்தித்த முதல் மேற்பார்வையாளர், என் குறிப்புகளைப் படித்துவிட்டு, "மருந்துச் சீட்டில் இப்படி எழுதியிருந்தால் நீங்களே திருப்பி அனுப்பியிருப்பீர்கள்" என்றார். உண்மைதான். அமெரிக்க அரசு அமைப்பான சாம்சா 1998-இல் வெளியிட்ட கையேடு இந்தத் தொழிலுக்கு வேண்டிய 123 திறன்களை வரிசைப்படுத்துகிறது. திருத்திய பதிப்பு இணையத்தில் இலவசம். நான் அதை அச்செடுத்து ஒவ்வொரு திறனுக்கும் எதிரே 'தெரியும்', 'தெரியாது', 'தெரிந்ததாக நினைப்பு' என்று மூன்றில் ஒன்றைக் குறித்தேன். மூன்றாவது வகைதான் பாதிக்கு மேல்.

மருந்தகத்தில் இருந்தவள் என்பதால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நெடுநாள் அளவுக்கு மீறிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை குழப்பமும் மாயத்தோற்றமும் காய்ச்சலும் கூடிய உயிராபத்தான நிலை வரலாம். அமைதிப்படுத்தும் மாத்திரைகளை நெடுங்காலம் எடுத்தவருக்கும் திடீர் நிறுத்தத்தில் வலிப்பு அபாயம் உண்டு. ஓபியம் வகைப் போதையில் ஆபத்து வேறு மாதிரி: சில வாரம் விலகியிருந்தால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும், பழைய அளவையே மறுபடியும் எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். 'இன்றே நிறுத்துங்கள்' என்று திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உற்சாகமாகச் சொல்லும் முன், அவரை மருத்துவர் பார்த்தாரா என்று கேட்கப் பழகுங்கள். இந்தப் பகுதியை மேலோட்டமாகக் கடக்கும் படிப்பு எதுவானாலும் அதில் சேராதீர்கள்.

இணையவழிப் படிப்பால் தர முடியாதது என்று பலரும் சொல்வது பேச்சுத் திறனை. எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. இணையத்தில் பேசுவதைப் பதிவு செய்யலாம்; நேர் வகுப்பில் பெரும்பாலும் செய்வதில்லை. என்னோடு படித்த இருவரும் நானும் வியாழக்கிழமை இரவுகளில் மூவராகச் சேர்வோம். ஒருவர் ஆலோசகர், ஒருவர் கற்பனையான நோயாளி, ஒருவர் வேடிக்கை பார்ப்பவர். இருபது நிமிடம் பேசிப் பதிவு செய்வோம். உண்மையான மனிதரின் கதையை எடுத்துக்கொள்வதில்லை. பெயரை மாற்றினாலும் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு.

என் முதல் பதிவைக் கேட்டபோது காது கூசியது. இருபது நிமிடத்தில் பதின்மூன்று நிமிடம் நானே பேசியிருந்தேன். "ஏன் குடிக்கிறீர்கள்?" என்று மூன்று முறை. அறிவுரை ஐந்து. நோயாளியாக நடித்தவர் "வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று சொன்ன இடத்தில் நான் அவசரமாகக் கல்லீரலைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கிறேன்! உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதிய கட்டுரையில் தொடங்கி வளர்ந்த, மாற வேண்டும் என்ற எண்ணத்தை நோயாளியின் வாயிலிருந்தே வரவழைக்கும் 'ஊக்க நேர்காணல்' முறையில் இந்தக் கோளாறுக்கு மருந்து இருக்கிறது. திறந்த கேள்வி, பாராட்டு, பிரதிபலிப்பு (அவர் சொன்னதன் பொருளை நம் சொல்லில் அவருக்கே திருப்பிச் சொல்வது), தொகுப்பு என்று நான்கு கருவிகள். பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு வாக்கியமும் கேள்வியா பிரதிபலிப்பா என்று கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு பிரதிபலிப்பு என்பது நல்ல விகிதம். என் முதல் பதிவில் பதினேழு கேள்வி, ஒரு பிரதிபலிப்பு. அந்த ஒன்றும் தற்செயல்.

பயத்தைச் சொன்ன அந்த மனிதரிடம் "வேலையை இழக்க நீங்கள் தயாராக இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் என்ன ஆகும்? அடுத்த வாரம் அப்படியே செய்தோம். நோயாளியாக நடித்த தோழி ஆறு விநாடி பேசவில்லை. பிறகு மகனின் படிப்புச் செலவைப் பற்றித் தானாகவே சொல்லத் தொடங்கினாள். இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டதோ என்று நான் திரையைத் தட்டாமல் இருந்ததே அன்றைய பெரிய சாதனை.

களப்பயிற்சி இடத்தைப் படிப்பு முடியும்வரை காத்திருக்காமல் முதல் மாதத்திலேயே தேடத் தொடங்குங்கள். மீட்பு மையங்களில் மாணவர்களை எடுப்பதற்கு முறையான மேற்பார்வையாளர் வேண்டும். எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் இருப்பதில்லை. அவருடைய தகுதி வாரியம் கேட்பதுதானா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். மணி நேரக் கணக்கை வாரம் தவறாமல் கையெழுத்து வாங்கி வையுங்கள். எங்கள் வகுப்பில் ஒருவர் ஏழு மாதக் கையெழுத்தை ஒரே நாளில் வாங்கலாம் என்றிருந்தார். மேற்பார்வையாளர் வேலை மாறிப் போய்விட்டார்.

நீங்களே மீண்டு வந்தவரானால் இன்னொன்றும் உண்டு. உதவிக் குழுக் கூட்டத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உங்கள் நோயாளி வந்து உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள் என்பதை மேற்பார்வையாளரோடு முன்பே பேசி வையுங்கள். என் வகுப்பில் இருவருக்கு இது நடந்தது.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூழ்நிலையைச் சொல்லி 'முதலில் என்ன செய்வீர்கள்' என்று கேட்கும் கேள்விகளில்தான் ஆள் தடுமாறுவார். அவற்றில் பெரும்பாலும் முதலில் வருவது பாதுகாப்பு. நான்கு விடைகளுமே நல்லவையாகத் தோன்றும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டேன்.

சான்று கையில் வந்த பிறகும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு 40 மணி நேரத் தொடர்கல்வி கேட்பது பல வாரியங்களில் வழக்கம். அதற்கென்று நான் ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் செருகியிருப்பது வாரியத்திடமிருந்து வந்த அந்த இரண்டு வரிப் பதில். புதிய பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் கோப்பைத் திறக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் கண்ணில் படுகிறது.