ஜமுக்காளம் போதும், பிலாட்டிஸ் தொடங்கலாம்

கோடையில் வேலூர்க்காரர்களுக்குக் காலை ஏழரைக்கு மேல் கோட்டைப் பக்கம் நடக்க மனசு வராது. ஃபேனுக்கு அடியில் ஜமுக்காளம் விரித்துச் செய்ய ஏற்றது பிலாட்டிஸ். ஜெர்மனியில் 1883இல் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ், முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் வளர்த்தெடுத்த பயிற்சி இது. பிறகு நியூயார்க்கில் கற்றுக்கொடுத்தார்.

வயிறு, இடுப்பு, முதுகுத்தண்டை ஒட்டிய தசைகளுக்குத்தான் இதில் முக்கிய வேலை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாளெல்லாம் மெஷின் முன் குனிந்திருப்பவர்களுக்கும் குடியாத்தத்தில் தறியில் உட்காருபவர்களுக்கும் தளர்ந்துபோவது அந்த இடம்தானே?

முதலில் இதைச் செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதங்களை இடுப்பகலத்துக்குத் தரையில் ஊன்றுங்கள். விலா விரிய மூக்கால் மூச்சை இழுங்கள். வாயால் விட்டுக்கொண்டே அடிவயிற்றை லேசாக உள்ளிழுத்து, இடுப்பில் தொடங்கி முதுகை ஒவ்வொரு கணுவாகத் தூக்குங்கள். தோள்பட்டை தரையிலேயே இருக்கட்டும். மேலே ஒரு மூச்சு இழுத்து, அதை விட்டபடி மேல்முதுகிலிருந்து மெதுவாக இறக்குங்கள். ஆறு முறை போதும். வேகம் கூடினால் பலன் போச்சு. மேலே இருக்கும்போது தலையைத் திருப்பாதீர்கள்.

உட்காரும் வாகு, உடல் சமநிலை, வளையும் தன்மை மெல்ல மெல்லத் தேறும். எடை மட்டும் மளமளவென்று குறையாது. அதற்கு நடைதான் சரி. டிஸ்க் தொந்தரவு, எலும்புத் தேய்மானம், கர்ப்பம், சமீபத்தில் ஆபரேஷன் என்றால் டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.