பிரேக்கரின் சிலையைக் கட்டைவிரலால் பார்ப்பது எப்படி

ஜெர்மன் சிற்பி ஆர்னோ பிரேக்கரைப் பற்றிப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்பைக் கையோடு கொண்டுவருகிறார்கள். ‘ஹிட்லரின் சிற்பி, அவ்வளவுதான்’ என்பார்கள். அல்லது ‘கலைஞனுக்கு ஏன் அரசியல்’ என்பார்கள். இரண்டையும் சற்று ஓரமாக வையுங்கள். களிமண்ணோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் என் வழியைச் சொல்கிறேன்.

ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் சிலை, வலப்பக்கம் அதைச் செய்யச் சொன்னவர். 1900இல் எல்பர்ஃபெல்டில் பிறந்தது, பாரிஸ் வாசம் எல்லாம் இரண்டு வரி போதும். 1935இல் கொஞ்சம் நில்லுங்கள்: யூத ஓவியர் மாக்ஸ் லீபர்மான் இறந்தபோது அவர் முகத்திலிருந்து அச்சு எடுத்தவர் இதே பிரேக்கர். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் கலைப் போட்டியில் வெள்ளிப் பதக்கம். 1937இல் நாஜிக் கட்சி உறுப்பினர். மூன்று வருடங்களில் வலப்பக்கத்துப் பெயர்கள் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள்.

அடுத்து, ஹிட்லரின் புதிய தலைமை அலுவலக முற்றத்தில் 1939இல் வாசலின் இருபுறமும் நின்ற இரட்டைச் சிலைகளின் பழைய புகைப்படத்தை எடுங்கள். தீப்பந்தம் ஏந்தியவர் ‘கட்சி’, வாள் ஏந்தியவர் ‘ராணுவம்’. கைகளைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு, எவர் எது என்று சொல்லுங்கள் பார்ப்போம். என்னால் முடியவில்லை.

முடிந்தால் அந்த உடலைக் களிமண்ணில் நகல் எடுத்துப் பாருங்கள். நான் எடுத்தேன். நம் உடலில் ஒரு தசை இறுகினால் எதிரே இருப்பது தளரும். அங்கேதான் சிற்பியின் விரல் சற்று அமிழும். இந்த வயிற்றில் என் விரலுக்கு அப்படி ஓரிடமும் கிடைக்கவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் விறைத்து நிற்கின்றன. கைத்திறன் இல்லாதவரல்ல அவர், எரிச்சலே அதனால்தான்.

வலப்பக்கத்தில், பெர்லினுக்குக் கிழக்கே வ்ரீட்ஸெனில் இருந்த அவருடைய சிற்பப் பட்டறையைத் தவறவிடாதீர்கள். போர்க்காலத்தில் அங்கே போர்க்கைதிகளும் கட்டாயத் தொழிலாளர்களும் உழைத்தார்கள். தாளை 1945இல் மூடிவிடவும் கூடாது. 1948இல், போருக்குப் பின் நாஜித் தொடர்புகளை விசாரித்தவர்கள் அவரை ‘கூடப் போனவர்’ (நாஜிகளோடு ஒத்துப்போனவர்) என்று வகைப்படுத்தி 100 மார்க் அபராதம் விதித்தார்கள். அதன்பின் 1991இல் இறக்கும்வரை செல்வந்தர்களும் பிரமுகர்களும் அவரிடம் தலைச்சிலை செய்துகொண்டார்கள்.

ஒப்பிட, அதே காலத்து இன்னொரு ஜெர்மன் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாகுக்கு இன்னொரு தாள். கியூஸ்ட்ரோ தேவாலயத்தில் 1927இல் தொங்கவிட்ட அவருடைய வெண்கலத் தேவதூதர் உருவத்தை நாஜி ஆட்சியில் 1937இல் இறக்கிப் பின்னர் உருக்கினார்கள். ஆனாலும் அவரைத் தேவதூதராக்கிவிடாதீர்கள். 1934இல் ஹிட்லருக்கு ஆதரவான கலைஞர்கள் அறிக்கையில் அவர் கையொப்பமும் இருக்கிறது. அதை வலப்பக்கத்தில், தேதியோடு எழுதுங்கள்.