செல்லுலோஸ் நானோபடிகங்களை அளந்தறிவது எப்படி?

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டுத் திட்டத்துக்குச் செல்லுலோஸ் நானோபடிகங்களை (மரக்கூழ் போன்றவற்றின் செல்லுலோஸிலிருந்து பிரித்தெடுக்கும் மிக நுண்ணிய குச்சிவடிவப் படிகங்களை) எடுத்துக்கொள்ளும் மாணவர்கள், நுண்ணோக்கிக்கு முன்பதிவு செய்யுமுன் மாதிரியில் உண்மையில் எவ்வளவு செல்லுலோஸ் இருக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டைத் தாண்டுவதால், மூடாமல் வைத்த பொடி நீரை உறிஞ்சி எடை கூடிவிடும். சிறு பகுதியை 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தித் திடப்பொருள் அளவைக் கணக்கிடுங்கள். உலர்த்திய பகுதியை மற்றச் சோதனைகளுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒட்டிக்கொண்ட படிகங்கள் நீரில் மறுபடி எளிதில் பிரிவதில்லை.

நீள அகலங்களை அறிய, நுண்ணிய ஊசிமுனையால் பரப்பை வருடிப் படமெடுக்கும் அணுவிசை நுண்ணோக்கியே என் முதல் தேர்வு. கந்தக அமிலத்தால் பிரித்தெடுத்த படிகங்களும், அவற்றைப் படியவைக்கும் மைக்காத் தகடும் எதிர்மின்னூட்டம் உடையவை. எனவே தகட்டின்மேல் முதலில் நேர்மின்னூட்டம் உடைய பாலிலைசின் என்னும் பலபடியைப் பூசி, நன்கு நீர்த்த கரைசலில் ஒரு துளியை விட்டு, சிறிது நேரம் கழித்துக் கழுவி உலர்த்த வேண்டும். ஊசிமுனையின் பருமன் சேர்ந்துகொள்வதால் படத்தில் அகலம் மிகையாகத் தெரியும். ஆகையால் தடிமனுக்கு உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மரக்கூழிலிருந்து பெற்றவை பொதுவாக 100 முதல் 200 நானோமீட்டர் வரை நீளமும் 5 முதல் 10 நானோமீட்டர் வரை தடிமனும் உடையவை. கொத்தாகக் கிடப்பவற்றை எந்த விதிப்படி விலக்கினீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது நேர்மையான வழக்கம்.

நீரில் மிதக்கும் துகள்கள் சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு அளவை மதிப்பிடும் ஒளிச்சிதறல் கருவி தரும் எண் நீளம் அன்று. துகள் கோளவடிவம் என்று கொண்டே அது கணக்கிடுகிறது. கொத்துகள் உருவாகின்றனவா என்று ஒப்பிட மட்டும் அது உதவும்.

கந்தக அமிலத்தால் படிகங்களின் மேற்பரப்பில் உண்டான சல்பேட் தொகுதிகளை அளக்க, சவ்வுப் பிரிப்பால் எஞ்சிய அமிலத்தை முழுமையாக நீக்கி, அயனிப் பரிமாற்றப் பிசினால் படிகங்களை அமில வடிவத்துக்குக் கொண்டுவந்த பின்னரே சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மின்கடத்துத்திறனைப் பதிவு செய்ய வேண்டும். வரைபடத்தில் இறங்குகோடும் ஏறுகோடும் வெட்டும் இடமே, அமிலத் தொகுதிகள் முழுதும் நடுநிலையாகும் சமானப் புள்ளி. இடையே தட்டையான பகுதி தோன்றினால், கார்பாக்சில் போன்ற வலுகுறைந்த அமிலத் தொகுதிகளும் இருக்கின்றன என்று பொருள்.

படிகத்தன்மையை, அதாவது செல்லுலோஸில் ஒழுங்காக அடுக்கப்பட்ட பகுதியின் பங்கை, அறிய எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் 1959இல் வெளிவந்த சீகல் முறை எளிது: தாமிரக் கதிரில் ஏறத்தாழ 22.5 டிகிரியில் உள்ள உச்சத்தை 18 டிகிரிக்கு அருகிலுள்ள தாழ்வுடன் ஒப்பிட வேண்டும். படலத்தில் படிகங்கள் ஒரே திசையில் படிந்து விகிதத்தை மாற்றிவிடும் என்பதால் உறைநிலையில் உலர்த்திய பொடியையே பயன்படுத்துங்கள். கிடைக்கும் விழுக்காட்டை அதே கருவியில், அதே முறையில் அளந்த மாதிரிகளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.