பயன்பாட்டுச் சோதனையா, கிளினிக்கல் ஆய்வா? முதன்முறை மருத்துவக் கருவி செய்பவர்களுக்கு

தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சார் ஒன்றை உருவாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சோதனையிலிருந்து தொடங்குவது?

படி 1: முதலில் கேள்வியை எழுதுங்கள். “சர்க்கரை இறங்கிவிட்டது என்று அலாரம் அடித்தால் நோயாளிக்குப் புரிகிறதா, சரியானதைச் செய்கிறாரா?” இது பயன்பாட்டுச் சோதனைக்கானது. “சென்சார் காட்டும் அளவு ரத்தப் பரிசோதனையோடு ஒத்துப்போகிறதா, தோலில் புண் வருகிறதா?” இது கிளினிக்கல் ஆய்வுக்கானது.

படி 2: தவறாகச் செய்தால் ஆபத்து வரக்கூடிய வேலைகளைப் பட்டியலிடுங்கள். இதற்கு இரண்டு சர்வதேசத் தரநிலைகள் உண்டு: இடர் மேலாண்மைக்கு (ஆபத்துகளைக் கண்டறிந்து குறைப்பதற்கு) ஐஎஸ்ஓ 14971, பயன்பாட்டுக்கு ஐஇசி 62366-1. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

படி 3: பயன்பாட்டுச் சோதனை. இதில் யாருக்கும் நிஜமாகச் சர்க்கரை இறங்க வேண்டியதில்லை. திரையில் போலி அளவைக் காட்டி, என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வடிவமைப்பு முடிவாகும் முன்பே சிலரை வைத்துச் சோதித்து, திருத்தி, மறுபடி சோதியுங்கள். அப்புறம்தான் இறுதி வடிவத்துக்கான சோதனை. அதற்கு, தனித்தன்மையுள்ள ஒவ்வொரு பயனர் குழுவிலும் குறைந்தது 15 பேர் வேண்டும் என்கிறது மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏவின் 2016 வழிகாட்டுதல். நோயாளியும் நர்ஸும் வேறு வேறு குழுக்கள். தடுமாறுகிறவருக்கு உதவாதீர்கள், கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் “அப்போது என்ன நினைத்தீர்கள்?” என்று கேளுங்கள். தவறுக்கான காரணம் பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் கிடைக்கும்.

படி 4: கிளினிக்கல் ஆய்வு தேவையா என்று பாருங்கள். ஏற்கெனவே உள்ள மருத்துவத் தரவு போதவில்லை என்றால் கிளினிக்கல் ஆய்வுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 14155 வழி செல்லுங்கள். நெறிமுறைக் குழுவின் (பங்கேற்பாளர்களின் நலனைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி) ஒப்புதல், பங்கேற்பாளரின் சம்மதம், பாதகமான நிகழ்வுகளின் பதிவு எல்லாம் கட்டாயம். எத்தனை பேர் என்பதைப் புள்ளியியல் கணக்கு சொல்லும். மேலே சொன்ன 15 இங்கே செல்லாது.

படி 5: ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தவிர்க்காதீர்கள். “நோயாளிகளிடமே சோதித்துவிட்டோமே, பயன்பாட்டுச் சோதனை எதற்கு?” என்று தோன்றும். கிளினிக்கல் ஆய்வில் பயிற்சி கொடுப்பார்கள், சந்தேகம் வந்தால் ஊழியர் பக்கத்தில் இருப்பார். வீட்டில் தனியாக இருக்கும்போது நடக்கும் தவறு அங்கே வெளியே தெரியாமல் போய்விடும். அதனால் பயன்பாட்டுச் சோதனையை முன்னதாகவே முடித்துவிடுவது நல்லது என்பேன். குழப்பமான திரையோடு நோயாளிகளை ஆய்வுக்குள் அழைப்பது சரியல்ல.

ஒரு எச்சரிக்கை: பயன்பாட்டுச் சோதனையிலேயே உண்மையான சென்சாரை உடலில் பொருத்தப் போகிறீர்களா? அப்படியானால் ஆளைச் சேர்க்கும் முன்பே நெறிமுறைக் குழுவிடம் போய்விடுங்கள்.