மூளையில் புழுக்கட்டி: வலிப்பு வந்தால் செய்யக்கூடாத தவறுகள்

குடியாத்தம், காட்பாடிப் பக்கம் யாருக்காவது திடீரென்று ஃபிட்ஸ் வந்தால், சுற்றி நிற்பவர்கள் முதலில் தேடுவது சாவிக்கொத்தைத்தான். இரும்பைக் கையில் திணிப்பதால் ஒரு பலனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல் இருந்தால் போதும். பெரிய தவறுகள் ஸ்கேன் எடுத்து, "மூளையில் புழுக்கட்டி" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நடக்கின்றன. இது நம் ஊரில் அபூர்வமான நோயல்ல. வேலூர் மாவட்டத்தில் சிஎம்சி டாக்டர்கள் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தக் கட்டி இருந்தது.

"நாங்க பன்னிக்கறியே தொடமாட்டோமே, எப்படி வரும்?" என்று கேட்பார்கள். சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் கட்டி வருவது அந்தப் புழுவின் முட்டையால். முட்டை வெளியேறுவது மனித மலத்தில். கழுவாத கையும் அசுத்தமான தண்ணீரும் பச்சைக் கீரையும் போதும், சுத்த சைவருக்கும் வந்துவிடும்.

அடுத்தது, "உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வலிப்பு வந்தது" என்று நம்பி லேகியமும் சத்து மாத்திரையும் வாங்குவது. நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சை நம் உடம்பால் எளிதில் கொல்ல முடியும். ஆனால் அதைத் தாக்கும் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதங்கள் தயாராவதற்குள் அது நீர்க்கட்டியாக மாறிவிடுகிறது. அதன்பின் பாராமயோசின் என்ற புரதத்தைச் சுரந்து, நம் ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்னும் தற்காப்புப் புரதச் சங்கிலியின் முதல் கண்ணியையே பிடித்துக் கட்டுகிறது. அழற்சியை அடக்கும் வேறு பொருட்களையும் வெளியிடுகிறது. நம்முடைய ஆன்டிபாடிகளே அதன் மேல் ஒட்டியிருந்தும் சேதமில்லாமல் பல ஆண்டு சத்தமின்றி வாழ்கிறது. இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களில் பலருக்கு ஊர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் கழித்துத்தான் வலிப்பு வந்தது. 1961-ல் வெளியான 450 பேரின் விவரத்தில் இது பதிவாகியிருக்கிறது.

கட்டி சாகத் தொடங்கும்போது இந்த மறைப்பு கலைகிறது. அப்போதுதான் நம் வெள்ளணுக்கள் பாய்கின்றன, சுற்றிலும் மூளை வீங்குகிறது, வலிப்பு வருகிறது. பெரும்பாலும் நோயாக நாம் பார்ப்பது புழுவை அல்ல, அந்த வீக்கத்தைத்தான்.

அதனால்தான் மெடிக்கல் ஷாப்பில் அல்பெண்டசோல் வாங்கித் தானாகப் போட்டுக்கொள்வது ஆபத்து. பள்ளியில் குழந்தைகளுக்குப் பூச்சி மாத்திரையாகத் தரும் அதே மருந்துதான். ஆனால் மூளையில் பல கட்டிகள் ஒரே சமயத்தில் செத்தால் வீக்கம் உயிருக்கே உலை வைக்கும். கண்ணில் கட்டி இருந்தால் பார்வை போகலாம். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு எப்போது சேர்ப்பது, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒற்றைக் கட்டி சில மாதங்களில் தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு.

புழுக்கட்டிக்கான ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகிவிடுவதும் தவறு. ஒற்றைக் கட்டியில் அது பல நேரம் நெகட்டிவாகவே வரும். பாசிட்டிவ் என்றாலும் இனி வராது என்ற பாதுகாப்பு கிடைத்ததாக அர்த்தமில்லை. வலிப்பு நின்றுவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

நோயாளியை மட்டும் பார்த்து வீட்டாரை விட்டுவிடுகிறோம். குடலில் நாடாப்புழு உள்ளவருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது. வீட்டில் சமைப்பவருக்கேகூட அது இருக்கலாம். எல்லோருக்கும் மலப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.