லோயஸ் மண்ணில் கார்பனை அளப்பதில் நேரும் பிழைகள்

சீனாவின் லோயஸ் பீடபூமியில் பல இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் தடித்துக் கிடக்கும் லோயஸ் எனும் காற்றடி வண்டலில், பனியுகப் புழுதியின் வெளிர்மஞ்சள் அடுக்கும், வெதுவெதுப்பான காலங்களில் உருவான செந்நிறத் தொல்மண் அடுக்கும் மாறி மாறி அமைந்துள்ளன. அவற்றிலுள்ள கார்பனேட்டையும் (சுண்ணாம்புச் சத்து) உயிர்ப்பொருளிலிருந்து வந்த கரிமக் கார்பனையும் கொண்டு பழங்கால மழையையும் தாவர வளத்தையும் கணிக்க முயல்வோர் முதலில் இடறுவது, மொத்தக் கார்பனிலிருந்து கார்பனேட்டின் கார்பனைக் கழித்துக் கரிமக் கார்பனைப் பெறும் கணக்கில்தான்.

ஒரு மாதிரியில் கால்சியம் கார்பனேட் 12 சதவீதம் என்றால், அதிலுள்ள கார்பன் மட்டுமே 1.44 சதவீதம், கரிமக் கார்பனோ 0.2 சதவீதமாக இருக்கலாம். கார்பனேட்டை 11 சதவீதம் என்று தவறாக அளந்து, அதன் கார்பனை மொத்தக் கார்பனிலிருந்து கழித்தால், கரிமக் கார்பன் 0.32 சதவீதமாக வீங்கிவிடும். ஆகவே கார்பனேட்டை அமிலத்தால் நீக்கிவிட்டு, எஞ்சியதை நேரடியாக அளப்பதே நல்லது.

அதிலும் கவனம் வேண்டும். குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் கால்சியம் கார்பனேட் கனிமமான கால்சைட் உடனே நுரைத்துக் கரையும், மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்டான டோலமைட் அவ்வளவு எளிதில் கரையாது. நுரை அடங்கியதும் வேலை முடிந்ததாக எண்ணினால், எஞ்சிய டோலமைட் கரிமக் கார்பன் கணக்கில் சேர்ந்துவிடும். அமிலத்தைக் கழுவும் நீரோடு கரையக்கூடிய கரிமப் பொருளும் போய்விடும் என்பதால் சிலர் அமில ஆவியை நாடுகின்றனர். அப்போது மாதிரியைத் தகரக் குப்பியில் வைத்தால் அது அரிக்கப்படும், வெள்ளிக் குப்பியே ஏற்றது. 12 சதவீதக் கார்பனேட் நீங்கியபின் 100 கிராம் மாதிரி 88 கிராமாகிவிடுவதால், முடிவை மூல எடைக்கு மாற்றவும் மறக்கக் கூடாது.

மாதிரியை 550 பாகை செல்சியசில் எரித்து எடையிழப்பைக் கரிமப் பொருளாகக் கொள்ளும் முறை மலிவானது. ஆனால் களிமண் கனிமங்களின் கட்டமைப்பிலுள்ள நீரும் அந்த வெப்பத்தில் வெளியேறும். தொல்மண்ணில் களி மிகுதி; கரிமப் பொருளும் அதில்தான் மிகுதியாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். பிழை நாம் எதிர்பார்க்கும் திசையிலேயே விழுவதால் யாரும் ஐயுறுவதில்லை; என் கணிப்பில் இதுவே மிக ஆபத்தானது. அமிலம் பட்டு வெளியேறும் வாயுவின் கனஅளவைக் கொண்டு கார்பனேட்டைக் கணிப்போர், அன்றன்றைய வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் திருத்தத்தில் சேர்க்க வேண்டும்.

களத்தில், வெளிப்பரப்பைச் செதுக்கி உட்புற மண்ணை எடுத்து, இக்கால வேர்களைப் பொறுக்கி நீக்க வேண்டும். தொல்மண்ணிலிருந்து கரைந்திறங்கிய சுண்ணாம்பு, நம்மூர்ச் சுக்கான்கல்லைப் போன்ற முடிச்சுகளாக அடியிலுள்ள அடுக்கில் திரண்டிருக்கும். அவற்றை மண்ணோடு சேர்த்து அரைத்துவிடாமல், தனியே எடையிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.